சிமிழின் விலையும் சுங்கத் தீர்வையும்

புறக்கோட்டையிலோ யாழ்ப்பாணத்து நவீன சந்தையிலோ உள்ள பான்சிக் கடையொன்றின் முன் சிறிது நேரம் நின்றால் ஓர் உரையாடல் எப்படியும் காதில் விழும். முகத்துக்குப் பூசும் கிறீம் சிமிழொன்றைக் கையிலெடுத்த பெண்மணி அதன் அடியில் ஒட்டியிருக்கும் விலைத்துண்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போனமுறை வாங்கேக்கை இவ்வளவு இல்லையே?" என்று கேட்கிறார். "நான் என்னக்கா செய்ய? வரி கூடிப்போச்சு" என்று கடைக்காரத் தம்பி கையை விரிக்கிறார். பெண்மணி சிமிழை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. முணுமுணுத்தபடி வாங்கிப் போவதும் உண்டு. ஆனால் அந்த வரி எது, அஃது எவ்வளவு, எவ்விடத்தில் அறவிடப்பட்டது என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாது. அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கியவர். மொத்த வியாபாரி இறக்குமதியாளரிடம் வாங்கியவர். தீர்வையைக் கண்ணாற் கண்டவர் அந்த இறக்குமதியாளர் ஒருவரே. மற்றவர்களெல்லாம் அதைச் செவிவழியாக அறிந்தவர்கள். ஆயினும் அதனைக் கொடுத்துத் தீர்ப்பவர், அதைப்பற்றி ஒன்றுமே அறியாத அந்தப் பெண்மணிதான்.

துறைமுகத்தில் வரி வாங்குவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சுங்கம் என்ற சொல்லே மிகப் பழையது. சோழர் வரலாற்றிலே முதலாம் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்ற பெயரால் நினைவுகூரப்படுகின்றான் என்றால், சுங்கம் மக்களுக்கு எத்துணைச் சுமையாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். போரில் வென்றதற்காகப் பட்டம் பெற்ற அரசர் பலர். வரியைத் தவிர்த்ததற்காகப் பட்டம் பெற்றவர் மிகச் சிலரே.

இக்காலத்துச் சுங்கம் பழைய சுங்கத்தைப்போல் ஒற்றை வரியன்று. இலங்கைத் துறைமுகத்தில் வந்திறங்கும் அழகுப் பொருளொன்றின் மேல் என்னென்ன ஏறுகின்றன என்பதை முதலில் நோக்குவோம். பொருளின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி ஆகிய மூன்றையும் சேர்த்த தொகையே அதன் இறக்குமதிப் பெறுமதி எனப்படும். அப்பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என விதிக்கப்படுவது சுங்கத் தீர்வை. அதற்கு மேல், 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ச் செஸ் என்னும் வரி வந்தது. அதற்கும் மேல், 2011ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் துறைமுக, விமானநிலைய அபிவிருத்தி அறவீடு வந்தது. 2022 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து நூற்றுக்கு இரண்டரை வீதமான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே பெறுமதி சேர் வரி. அவ்வரி 2022 ஜூன் மாதத்தில் 8 வீதத்திலிருந்து 12 ஆயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆயிற்று. 2024 ஜனவரி முதலாந் திகதி 18 ஆயிற்று. இறக்குமதியின்போது பெறுமதி சேர் வரியைக் கணக்கிடுகையில் வெறும் இறக்குமதிப் பெறுமதி மாத்திரம் எடுக்கப்படுவதில்லை. அதனுடன் நூற்றுக்குப் பத்தைக் கூட்டி, மேலே சொன்ன தீர்வையையும் செஸ்ஸையும் அறவீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேலேயே வரி போடப்படுகின்றது. அஃதாவது வரிக்கும் வரி உண்டு.

செஸ்ஸையும் துறைமுக அறவீட்டையும் படிப்படியாக நீக்குவதாக அரசாங்கம் பலமுறை அறிவித்ததுண்டு. வர்த்தமானி ஒன்று வெளிவந்தால் வீதங்கள் ஓரிரவில் மாறிவிடும். ஆகையால் இங்கே குறிப்பிட்டதொரு நாளின் வீதங்களைச் சொல்வதைவிட, ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நேயர்களுக்குப் பயன்தரும்.

வெளிநாட்டுக் கிறீம் சிமிழொன்று எல்லாச் செலவும் உட்பட 600 ரூபா பெறுமதியில் கொழும்புத் துறைமுகத்தை அடைகின்றதெனக் கொள்வோம். தீர்வை 20 வீதம், துறைமுக அறவீடு 10 வீதம், செஸ் 30 வீதம் எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து 60 வீதம், ரூபாவில் 360. ஆகவே இறக்குமதியாளரின் கையில் அச்சிமிழின் அடக்கவிலை 960 ரூபா. அவர் தம் செலவுக்கும் இலாபத்துக்குமாக நூற்றுக்கு 25 வைத்து 1200 ரூபாவுக்கு மொத்த வியாபாரி வழியாகக் கடைக்கு விடுகிறார். கடைக்காரர் வாடகை, மின்சாரம், விற்காமல் தேங்கும் சரக்கின் நட்டம் ஆகியவற்றை எண்ணி நூற்றுக்கு 30 வைக்கிறார், 1560 ரூபாவாகிறது. அதன்மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி ஏற, பெண்மணி கொடுப்பது 1840 ரூபா 80 சதம்.

இனி, துறைமுகத்தில் அந்த 360 ரூபா அறவிடப்படவில்லை என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுக. 600 ரூபா 750 ஆகும். 750 ரூபா 975 ஆகும். பெறுமதி சேர் வரியுடன் 1150 ரூபா 50 சதம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 690 ரூபா 30 சதம். அரசாங்கம் துறைமுகத்தில் வாங்கியது 360. பெண்மணியின் கைப்பையிலிருந்து கூடுதலாகப் போனதோ 690. எஞ்சிய 330 ரூபா எங்கே போயிற்று? ஒரு பகுதி பெறுமதி சேர் வரியாக மீண்டும் திறைசேரிக்கே போயிற்று. மறுபகுதி வியாபாரிகளிடம் தங்கிற்று. இதில் வியாபாரி களவு செய்தார் என்று சொல்லுதல் பொருந்தாது. அவர் போட்ட முதல் 600 அன்று, 960. வங்கிக்கு வட்டி கட்டுவதும் 960க்குத்தான். சிமிழ் உடைந்தால் நட்டமாவதும் 960தான். முதலின் மேல் நூற்றுக்கு இத்தனை என்று இலாபம் வைப்பது கடைத்தெருவின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தினால் வரியும் முதலோடு முதலாகக் குட்டிபோடுகின்றது. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியைக் கணக்கு நீளுமென்று இங்கே சேர்க்கவில்லை. முன்னர் செலுத்தியதைக் கழித்துக்கொள்ள அவ்வரியில் இடமில்லையாதலால், அது சேர்ந்தால் தொகை இன்னும் சற்றே ஏறும்.

வெளிநாட்டு உற்பத்தியாளன் தன் விலையைக் குறைத்து இத்தீர்வையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ள மாட்டானா என்று சிலர் வினவுவர். வாங்குபவன் பெரியவனாயின் அப்படி நடக்கக்கூடும் என்று பொருளியல் நூல்கள் கூறும். இலங்கையோ உலகச் சந்தையில் ஒரு துளி. இங்கே விற்காவிட்டால் அவன் வேறிடத்தில் விற்பான். பெருநாடுகளின் அனுபவமும் அவ்வளவு தெம்பூட்டுவதாக இல்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது விதித்த தீர்வைகளை ஆராய்ந்த பொருளியலாளர், அவற்றின் சுமை ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கரின் தோளிலேயே விழுந்தது என்று கண்டனர். 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அழகுப்பொருட் சந்தை அதே பாடத்தை மறுபடியும் படித்தது. கொரியாவிலிருந்து வரும் சருமப் பூச்சுகள் அதற்கு முன்னர் தீர்வையின்றி அங்கே இறங்கிக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் அவற்றின்மேலான தீர்வை 15 வீதமாயிற்று. அதே மாதம் 29ஆந் திகதி, 800 டொலருக்கு மேற்படாத சிறு பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கும் நிறுத்தப்பட்டது. சியோலிலிருந்து தபாலில் ஒரு சிமிழை நேரே வரவழைத்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்மணிக்கு, இறக்குமதியாளர் என்றொருவர் இடையில் இல்லாமையால், வரி இன்னதென்று அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. புறக்கோட்டைப் பெண்மணிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

நிற்க. தீர்வை எல்லாரையும் ஒரே அளவாகத் தாக்குவதில்லை. சில வரிகள் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என அமையும்; சில கிலோகிராம் ஒன்றுக்கு இத்தனை ரூபா என அமையும். செஸ் வரியில், பல பொருள்களுக்கு இவ்விரண்டில் எது கூடியதோ அதுவே அறவிடப்படும் என்ற விதி இருந்துவந்தது. பெறுமதியைக் குறைத்துக் காட்டும் இறக்குமதியாளரைப் பிடிப்பதற்கு இது நல்ல பொறி என்பதில் ஐயமில்லை. பட்டியலில் விலையைக் குறைத்து எழுதலாம், தராசைக் குறைத்து நிற்கச் செய்ய இயலாதன்றோ? ஆனால் அந்தப் பொறியில் அகப்படுவது பெரும்பாலும் எளியவர் வாங்கும் சரக்கே. கிலோகிராமுக்கு 600 ரூபா என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் நிறையுள்ள இரண்டு சிமிழ்கள் வருகின்றன. ஒன்றின் பெறுமதி 150 ரூபா. மற்றொன்று பாரிசிலிருந்து வந்தது, பெறுமதி 6000 ரூபா. இரண்டுக்கும் வரி 60 ரூபாவே. மலிவான சிமிழுக்கு அது நூற்றுக்கு 40. பாரிசுச் சிமிழுக்கு நூற்றுக்கு 1. ஆடம்பரத்தைத் தண்டிக்கப் புறப்பட்ட வரி ஆடம்பரத்தை வணங்கிவிட்டு ஏழையைத் தண்டிக்கின்றது.

ஆடம்பரம் என்ற சொல்லையும் சற்று ஆராய்தல் வேண்டும். உலக நாடுகள் 1988 முதல் கையாண்டுவரும் பொதுவான சுங்கக் குறியீட்டு முறையில் 33ஆம் அத்தியாயம் வாசனைப் பொருள்களுக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கும் உரியது. அதில் 3304 என்ற தலைப்பின் கீழே உதட்டுச் சாயம் உண்டு. கண்ணிமைச் சாயம் உண்டு. நகச் சாயம் உண்டு. அதே தலைப்பின் கீழேதான் வரண்ட தோலுக்குப் பூசும் பூச்சும், வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பூச்சும், குழந்தையின் உடம்புக்குத் தூவும் பவுடரும் உள்ளன. மருந்தென வகுக்கப்படாத தோற்பூச்செல்லாம் அங்கேயே ஒதுங்க வேண்டியதுதான். தோலில் நிறமியின்றிப் பிறந்த பிள்ளைக்கு வெயிற்காப்புப் பூச்சு அலங்காரமன்று. அப்பிள்ளை பாடசாலை மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு நிற்பதற்கு அதுவே வழி. அதன் உபதலைப்புக்குத் தனி வீதம் வகுக்க அரசாங்கத்தால் இயலும். வகுக்காதவரையில், சுங்க மேசையில் அதற்கும் திருமண மண்டபத்து ஒப்பனைக்கும் வேற்றுமை இல்லை.

அவசியம் எது, ஆடம்பரம் எது என்ற இக்கேள்வி பழையதே. 1776இல் வெளியான தம் நூலிலே அடம் ஸ்மித், உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதவற்றை மட்டுமன்றி, நாட்டு வழக்கப்படி மானமுள்ள ஏழையும் இல்லாமலிருக்கக் கூசும் பொருள்களையும் அவசியப் பொருள்களுள் அடக்கினார். லினன் சட்டையும் தோற்சப்பாத்தும் அவர் காட்டிய உதாரணங்கள். சவர்க்காரமும் ஷாம்புவும் ஒரு சிறிய பவுடர் டப்பாவும் இன்றைய இலங்கையில் அந்த வரிசையைச் சேர்ந்தவை. கந்தோருக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ காலையில் பஸ் ஏறும் ஒரு பெண்ணிடம் அவை ஆடம்பரம் என்று வாதிட முன்வருபவர் எவரும் இலர்.

ஒரு சதமேனும் வரியை உயர்த்தாமலே வரி உயர்வதும் உண்டு. நூற்றுக்கு இத்தனை என்ற வரி ரூபாவிலேயே கணக்கிடப்படுகின்றது. சரக்கோ டொலரில் வாங்கப்படுகின்றது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாத நடுவில் ஏறத்தாழ 360 ஆயிற்று. 2 டொலர்ச் சிமிழ் ஒன்று மார்ச்சில் 400 ரூபா. 60 வீத வரி 240. மே மாதத்தில் அதே சிமிழ் 720 ரூபா. அதே 60 வீதம் 432. வர்த்தமானி எதுவும் வெளிவரவில்லை. வரி மாத்திரம் 192 ரூபா கூடிற்று. "வரி கூடிப்போச்சு" என்று அந்நாளிற் சொன்ன கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதன் காரணம் அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டின் கதை தனியே கூறத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரிலேயே, அத்தியாவசியமற்றவை எனக் கருதிய 623 வகைப் பொருள்களை இறக்குமதி செய்வோர் அவற்றின் பெறுமதி முழுவதையும் வங்கியில் முன்கூட்டியே வைப்பிடவேண்டும் என்று மத்திய வங்கி பணித்திருந்தது. இது வரியன்று, ஆயினும் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கும் விலை உண்டு, அவ்விலையும் பொருளின் மேலேதான் ஏறும். 2022 ஆகஸ்ட் 23ஆந் திகதி முந்நூறு வரையிலான பொருள் வகைகளின் இறக்குமதியே வர்த்தமானி மூலம் நிறுத்தப்பட்டது. சொக்கிலேற்று, வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள், ஷாம்பு ஆகியன அப்பட்டியலில் இருந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியிலும் 2023ஆம் ஆண்டிலும் தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாது நாடு தவித்த வேளையில் வாசனைத் திரவியத்தை நிறுத்தியதைக் குறைகூற நியாயமில்லை. வரிசையில் நின்று களைத்தவர் எவரும் அன்று அதைக் குறைகூறவுமில்லை. ஆனால் நெருக்கடிக்காலத்து மருந்தை நித்திய உணவாக்கினால் என்ன நேரும் என்பது வேறு விடயம்.

விலை ஏறும்போது அஃது எப்போதும் விலைத்துண்டில் தெரிந்துவிடுவதுமில்லை. கிராமத்துப் பெட்டிக்கடைகளில் தோரணம்போலத் தொங்கும் ஷாம்புப் பக்கெற்றுகளைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். போத்தல் வாங்க மாட்டாதவரே பக்கெற்று வாங்குகிறார். 20 ரூபாப் பக்கெற்றை 21 ரூபா 50 சதத்துக்கு விற்க இயலாது. சில்லறை எங்கே கிடைக்கும்? ஆகையால் விலை அப்படியே நிற்க, உள்ளிருக்கும் 5 மில்லிலீற்றர் நாலரை ஆகின்றது. மில்லிலீற்றர் ஒன்றின் விலை 4 ரூபாவிலிருந்து 4 ரூபா 44 சதமாக ஏறிவிட்டது. உறையில் மிகச் சிறிய எழுத்தில் அந்த நாலரை அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடி அணிந்தவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தே அதனை வாசிக்கவேண்டியிருக்கும்.

இத்தனையும் எதற்காக? அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும். வெளிநாட்டுச் செலாவணியைச் சேமிக்கவேண்டும். உள்ளூர்க் கைத்தொழிலைக் காக்கவேண்டும். மூன்றும் நல்ல காரணங்களே. மூன்றாவதை மாத்திரம் சற்று நெருங்கிப் பார்ப்போம். இலங்கையில் சவர்க்காரமும் பூச்சுகளும் செய்வது நெடுநாளைய தொழில். மூலிகைச் சரக்கைக் கொண்டு கிறீம் செய்யும் சிறிய நிலையங்களும் உண்டு. பலர், சிறப்பாகப் பெண்கள், அவற்றால் வாழ்கின்றனர். எனினும் உள்ளூர்க் கிறீமின் எல்லாப் பகுதியும் உள்ளூரில் விளைவதன்று. வாசனை எண்ணெய், எண்ணெயும் நீரும் பிரியாது கலக்கச் செய்யும் பொருள், பழுதாகாது காக்கும் பொருள், சிமிழ், மூடி ஆகியவற்றுட் பல கப்பலிலேயே வருகின்றன. முன்னைய கணக்கின் 600 ரூபாச் சிமிழுக்கு வேண்டிய இம்மூலப்பொருள்கள் 400 ரூபாவுக்குத் தீர்வையின்றி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டான் 200 ரூபாவுக்குச் செய்யும் வேலையை உள்ளூரார் 560 ரூபாவுக்குச் செய்தாலும் இறக்குமதிச் சிமிழின் 960 ரூபா அடக்கத்தோடு போட்டியிட்டு நிற்கலாம். 60 வீத வரி என்று வெளியே சொல்லப்பட்டது, செய்யப்படும் வேலையை நோக்க 180 வீதப் பாதுகாப்பாகிவிட்டது. இவ்வளவு அகலமான குடையின் கீழ் நிற்பவர் நனையார். ஆனால் நடக்கவும் பழகார். இறக்குமதிச் சரக்கு 1840 ரூபாவுக்கு விற்கும்போது, 1200 ரூபாவுக்கு விற்கக்கூடிய உள்ளூர்ச் சரக்கும் 1700 ரூபா என்று விலைத்துண்டு ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. அந்த 500 ரூபா திறைசேரிக்கும் போவதில்லை. உள்ளூர்ச் சரக்கையே வாங்குபவரும் இறக்குமதித் தீர்வையால் பாதிக்கப்படுகிறார் என்பது இதனாற் புலனாகும்.

"பழைய காலத்தில் நம் பெண்கள் கிறீமா பூசினார்கள்? மஞ்சளும் சந்தனமும் பயற்றமாவும் போதவில்லையா?" என்று கேட்கும் முதியோர் உளர். அவர்களுக்கு விடையாக மஞ்சளின் கதையையே சொல்லலாம். 2019 டிசம்பரில், உள்ளூர்ப் பயிர்ச்செய்கையை ஊக்குவிக்கும் நோக்கத்துடன் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. நாட்டின் தேவைக்குப் போதிய மஞ்சள் அன்று நாட்டில் விளையவில்லை. 2020ஆம் ஆண்டில், சில நூறு ரூபாவாக இருந்த ஒரு கிலோகிராம் மஞ்சள் பல ஆயிரம் ரூபாவாயிற்று. செய்கை ஓரளவு பெருகியது உண்மை. ஆனால் மஞ்சட் செடி கிழங்கு விட மாதங்கள் செல்லும். கள்ளக்கடத்தற்காரனுக்கோ ஓர் இரவு போதும். இராமேசுவரத்துக் கரையிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் மன்னாரை நோக்கி மஞ்சள் மூட்டைகள் படகேறின. கடற்படையினர் தொன்தொன்னாகப் பிடித்தனர். பிடிபடாமல் வந்தவை எத்தனை என்பதைக் கடலே அறியும். சந்தையில் அரிசிமாவும் சாயமும் கலந்த மஞ்சட்டூள் தலைகாட்டிற்று. சாமத்தியச் சடங்குக்கும் திருமணத்துக்கும் மஞ்சள் அரைத்த வீடுகள், பொன்னை நிறுப்பதுபோல மஞ்சளை நிறுத்தன. அம்மியில் அரைக்கும் மஞ்சளையும் சுங்கச் சட்டம் தொடும் என்று அதற்குமுன் யார் எண்ணினர்?

மஞ்சளுக்கு நேர்ந்தது தோற்பூச்சுகளுக்கும் நேர்வதே இவ்விடயத்தில் மிக அஞ்சத்தக்க பகுதி. சட்டப்படி வந்த சரக்கின் விலை ஓர் எல்லையைத் தாண்டியதும், சட்டத்துக்குப் புறம்பான சரக்கு அதன் நிழலில் முளைக்கின்றது. இஃது எந்த நாட்டுக்கும் பொது. இரண்டாம் உலகப்போரின்போது, 1940 ஒக்டோபரில் பிரித்தானியா கொள்வனவு வரியைக் கொண்டுவந்து ஒப்பனைப் பொருள்களை அதன் உயர்ந்த வீதத்துள் அடக்கியது, உற்பத்தியையும் கட்டுப்படுத்தியது. பெண்கள் பூசுவதை நிறுத்தவில்லை. செய்தவன் பெயரில்லாத பூச்சுகள் இலண்டன் கள்ளச்சந்தையில் விலைபோயின. இலங்கையில் அச்சரக்கு பெரும்பாலும் பயணப் பெட்டிகளில் வருகின்றது. விமானத்தில் வந்திறங்குபவரின் பெட்டிக்குள் துணிகளுக்கிடையே இருபது முப்பது சிமிழ்கள் இருக்கும். தீர்வை இல்லை, செஸ் இல்லை, பெறுமதி சேர் வரி இல்லை. 600 ரூபாச் சிமிழை 1000 ரூபாவுக்கு விற்றாலும் இலாபமே. 1840 ரூபாச் சிமிழின் பக்கத்தில் 1000 ரூபாச் சிமிழ் வைக்கப்பட்டிருக்கும்போது எதை எடுப்பது என்று மாதச் சம்பளக்காரிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

மலிவு மாத்திரமே வேற்றுமையாயின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அந்தப் பெட்டிகளில் வருவனவற்றுள் முகத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகள் மிகுதி. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் உண்டு. இலங்கைக் கடைகளில் விற்பனைக்கிருந்த சில வெண்மைப் பூச்சுகளிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. ஆகையால் சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோலத் தோன்றும். பூசியதை நிறுத்தினால் கருமை முன்னிலும் மிகலாம். அது முகத்தோடு நின்றுவிடுவதுமில்லை. தோலூடாக உட்சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். தடிப்பும் தழும்பும் உண்டாக்கும். மனச்சோர்வையும் பதகளிப்பையும் விளைவிக்கும். பூசியவரின் துவாயையும் தலையணையையும் பகிரும் பிள்ளைகள்கூட அதன் ஆவியைச் சுவாசிக்கின்றனர். வெளுப்பின்மேல் உள்ள ஆசையைச் சுங்கத் திணைக்களம் உண்டாக்கவில்லை; கலியாண விளம்பரங்களில் 'வெள்ளை நிறம்' என்று எழுதுவோர் உண்டாக்கியது அது. அந்த ஆசை எந்தச் சிமிழைத் தேடிச் செல்கின்றது என்பதில்தான் விலைக்குப் பங்குண்டு. தீர்வை கட்டி வந்த சிமிழைப் பரிசோதிக்க ஓர் இடமாவது உண்டு. பெட்டியில் வந்ததற்கு அதுவும் இல்லை.

ஜப்பானில் பாதரசக் கழிவினால் பேரழிவுக்குள்ளான மினமாட்டா நகரின் பெயரைத் தாங்கிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் ஓர் அங்கத்துவ நாடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள தோற்பூச்சுகளை 2020ஆம் ஆண்டுடன் ஒழிக்கவேண்டும் என்று அவ்வுடன்படிக்கை விதித்தது. 2023இல் கூடிய அங்கத்துவ நாடுகள் அந்த அளவையும் நீக்கி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவுமே 2025க்குப் பின் செய்யப்படவோ ஏற்றி இறக்கப்படவோ ஆகாது என்று தீர்மானித்தன. தீர்மானங்கள் துறைமுகத்தைக் காக்கும். பயணப் பெட்டிகளைக் காப்பது அரிது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, பொதிசெய்த பொருள்களில் இன்னின்ன விபரங்கள் இருத்தல்வேண்டும் என்று பணித்துள்ளது. உச்ச சில்லறை விலை, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், காலாவதியாகும் திகதி ஆகியன தேடிப் பார்க்கத்தக்கவை. சேர்மானங்களின் பட்டியலில் மெர்குரி, மெர்குரஸ் குளோரைட், கலோமெல் என்ற பெயர்களுள் எதுவும் இருந்தால் அந்தச் சிமிழைத் திறக்காமலே வைத்துவிடலாம். பெட்டியில் வந்த சிமிழ்களிலோ பெரும்பாலும் அப்பெயர்கள் காணப்படுவதில்லை. இறக்குமதியாளரின் முகவரியும் காணப்படுவதில்லை; விலைத்துண்டும் காணப்படுவதில்லை. கடைக்காரத் தம்பி அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை. கேட்பவருக்கு மேசையின் கீழிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.